முதுநிலை சுற்றுச்சூழல் அறிவியல்: சேரும் முன் எதைக் கற்பது, ஆய்வேடு எங்கே சறுக்கும்?

இளவேனில்

வணக்கம். வேதியியல் இளநிலை முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலையில் சேர்கிறேன். நான்கு பருவம், கடைசி இரண்டில் ஆய்வேடு. பாடத்திட்டத்தில் நீர், காற்று, மண், சூழலியல், புள்ளியியல், தொலையுணர்வு, சட்டம், தாக்க மதிப்பீடு என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. எதில் ஆழமாகப் போவது என்று பிடிபடவில்லை.

வகுப்பு தொடங்க நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் ஆய்வக வேலையா, ஜிஐஎஸ்ஸா (கணினியில் நிலப்படத் தகவலைக் கையாளும் முறை), நிரல் எழுதுவதா, எதைக் கையில் எடுக்கலாம்?

ஆய்வேட்டுக்கு யோசித்து வைத்திருப்பது இது: ஓர் ஆலையின் கழிவுநீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே பத்து மாதிரி, கீழே பத்து மாதிரி. பிஓடி (நுண்ணுயிர்கள் நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்), சிஓடி (அதையே வேதிப்பொருளால் எரிக்க ஆகும் ஆக்சிஜன்), நைட்ரேட், கன உலோகங்கள் பார்ப்பது. பிறகு டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டு மாசு இருக்கிறதா என்று சொல்வது. போதுமா?

நீரோட்டம்

வேதியியல் படித்தவருக்கு ஆய்வகக் கை ஏற்கெனவே வந்திருக்கும். இந்தத் துறையில் ஆளைக் கவிழ்ப்பது அலகுதான், அதனால் அதில் தொடங்குங்கள்.

ஓர் அறிக்கையில் நைட்ரேட் 10 மி.கி./லி. என்று இருந்தால் அது நைட்ரஜனாகக் கணக்கிட்டதா, நைட்ரேட் அயனியாகவா? நைட்ரஜனாக 10 என்றால் அயனியாக 44.3. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு அயனியாக 50. அமெரிக்க வரம்பு நைட்ரஜனாக 10. இரண்டும் ஏறக்குறைய ஒரே வரம்புதான். அலகைப் பார்க்காதவர் ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு கடுமையானது என்று எழுதிவிடுவார்.

அயனிச் சமநிலையை, அதாவது நீரில் நேர், எதிர் மின்சுமைகள் சமமாக வருகின்றனவா என்ற சரிபார்ப்பை, கையால் போட்டுப் பழகுங்கள். ஒரு நிலத்தடி நீர் மாதிரி, எல்லாம் மி.கி./லி.: கால்சியம் 80, மக்னீசியம் 24, சோடியம் 46, பொட்டாசியம் 3.9, பைகார்பனேட் 305, குளோரைடு 71, சல்பேட் 48, நைட்ரேட் அயனியாக 6.2. ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் (அயனியின் எடை ÷ அதன் மின்சுமை) வகுத்தால் நேர் அயனிகள் 3.99 + 1.98 + 2.00 + 0.10 = 8.07 மில்லிசமானம். எதிர் அயனிகள் 5.00 + 2.00 + 1.00 + 0.10 = 8.10. வித்தியாசத்தை மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பிழை 0.2 சதவீதம். நல்ல பகுப்பாய்வு.

இதே நீரின் காரத்தன்மையை ஆய்வகம் பெரும்பாலும் 'கால்சியம் கார்பனேட்டாக 250' என்றுதான் எழுதித் தரும். அந்த 250ஐ அப்படியே பைகார்பனேட் கட்டத்தில் தட்டினால் 5.00க்குப் பதில் 4.10 வரும். எதிர் அயனிகள் 7.20க்கு இறங்கும், பிழை 5.7 சதவீதமாகும். வழக்கமாக ஏற்கும் எல்லை ±5. மாதிரியும் சரி, கருவியும் சரி, 1.22ஆல் பெருக்க மறந்ததுதான் கோளாறு. பிழை எல்லையைத் தாண்டினால் கருவியைச் சந்தேகிக்கும் முன் அலகைப் பாருங்கள், அடுத்து நீர்த்தல் காரணியை, அதற்கடுத்து விடுபட்ட அயனியை.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. நேர் அயனிக் கூட்டுத்தொகையை 100ஆல் பெருக்குங்கள்: 807. மீட்டர் காட்டிய மின்கடத்துதிறன் மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. கணக்கில் இதற்குப் பத்து சதவீதம் முன்பின்னாக இருக்க வேண்டும். ரொம்ப உப்பு நீருக்கு இது பொருந்தாது; சாதாரண நன்னீருக்குப் பொருந்தும். மீட்டரையும் முதலில் சரிபார்க்க வேண்டும்: 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 25 டிகிரியில் 1413 காட்ட வேண்டும்.

சராசரி

ஆய்வேட்டுத் திட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டத்திலேயே நிறுத்திச் சொல்ல வேண்டியது இது.

மேலே பத்து, கீழே பத்து என்று எடுத்தாலும் உங்களிடம் இருப்பது ஓர் ஆறு, ஓர் ஆலை, மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். பத்துக் குப்பிகள் அந்த ஓர் இடத்தை எவ்வளவு நன்றாக அளந்தீர்கள் என்று சொல்லும். ஆலையின் விளைவு என்ன என்று அவை சொல்லாது. ஆலையே இல்லாத ஆற்றில் இரண்டு கி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களை எடுத்தாலும் டி-சோதனை 'வித்தியாசம் உண்டு' என்றுதான் சொல்லும், ஏனென்றால் எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல் இருக்காது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் 'எக்கலாஜிகல் மோனோகிராஃப்ஸ்' இதழில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சூடோரெப்ளிகேஷன், அதாவது போலி மறுசெய்கை. அவர் பார்த்த 176 களப் பரிசோதனை ஆய்வுகளில் 27 சதவீதத்தில் இந்தக் கோளாறு. அனுமானப் புள்ளியியல் பயன்படுத்தியவற்றை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நாற்பது ஆண்டு கழிந்தும் முதுநிலை ஆய்வேடுகளில் இது தொடர்கிறது என்பது வருத்தமான விஷயம். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

நான்கு மாதத்தில் என்ன கற்பது என்றால் 'ஆர்' அல்லது பைதான் நிரல்மொழி, ஏதோ ஒன்று. மாறுபாட்டுப் பகுப்பாய்வு, நேரியல் மாதிரியுரு, கலப்பு விளைவு மாதிரியுரு (ஒரே இடத்தைத் திரும்ப அளந்ததைக் கணக்கில் கொள்வது) வரை போங்கள். அதற்கும் முன்னால் 'என் அலகு எது?' என்ற கேள்வியை ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் கேட்டுப் பழகுங்கள். எந்தப் பொருளுக்கு அந்தச் செயல் தனித்தனியாக நிகழ்ந்ததோ அதுதான் அலகு.

இளவேனில்

நன்றி ஐயா. ஆனால் ஓர் ஆலைதான் கிடைக்கிறது என்றால்? தலைப்பையே விட்டுவிட வேண்டுமா?

சராசரி

விட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஆலை இனிமேல்தான் இயங்கப்போகிறது அல்லது சுத்திகரிப்பு நிலையம் இனிமேல்தான் வரப்போகிறது என்றால், முன்னும் பின்னும், பாதித்த இடமும் கட்டுப்பாட்டு இடமும் என்று நான்கு மூலையிலும் அளக்கும் 'பாசி' (BACI) வடிவமைப்பு. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பல முறை அளந்து, அந்த வித்தியாசம் நிகழ்வுக்குப் பிறகு மாறியதா என்று பார்ப்பது. முதுநிலையின் கால அளவுக்குள் 'முன்' தரவு அரிதாகத்தான் கிடைக்கும். பழைய கண்காணிப்புத் தரவு இருந்தால் மட்டும் இறங்கலாம்.

இரண்டு, அனுமானச் சோதனையை விட்டுவிட்டு நிறைச் சமன்பாடு. இது நேர்மையானது, வலுவானது, ஓர் ஆலைக்கும் செல்லும்.

மூன்று, ஒரே வகை ஆலைகள் பலவற்றைத் தேடி, ஒவ்வொன்றிலும் மேல்-கீழ் இணை ஒன்று. அப்போது இணைகளின் எண்ணிக்கைதான் உங்கள் மாதிரி அளவு.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: தனித்தனிக் குழுக்கள் இரண்டு என்றால் குழுவுக்கு 16 × (திட்டவிலக்கம் ÷ கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம்)இன் வர்க்கம். 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை உண்டு என்பது), 80 சதவீத ஆற்றலுக்கு (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிப்பது) இது பொருந்தும். வித்தியாசமும் திட்டவிலக்கமும் சமம் என்றால் குழுவுக்கு 16. வித்தியாசம் அதில் பாதி என்றால் 64. களத்தில் 64 இடம் யாருக்கும் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே போட்டுப் பார்க்கச் சொல்வது.

நீரோட்டம்

இரண்டாவது வழியை விரித்துச் சொல்கிறேன். ஒரு ஆலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 2 கன மீட்டர், மேலே பிஓடி 3 மி.கி./லி. கழிவு விநாடிக்கு 0.1 கன மீட்டர், பிஓடி 60. கலந்த பிறகு (2 × 3 + 0.1 × 60) ÷ 2.1 = 5.7 மி.கி./லி. நீங்கள் கீழே அளந்தது 9 என்றால் அளவிடாத இன்னொரு வாய்க்கால் சேர்கிறது என்று சந்தேகிக்கலாம். 4 என்றால் ஒன்று இன்னும் முழுதாகக் கலக்கவில்லை, அல்லது வண்டலாகப் படிகிறது, அல்லது ஓட்டக் கணக்கு தவறு. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க முடியும். அதுவே ஓர் அத்தியாயம்.

இதற்குச் செறிவோடு ஓட்டத்தையும் அளக்க வேண்டும். ஓட்டம் இல்லாத நீர்த் தரத் தரவில் பாதி அர்த்தம் போய்விடும்: மழைக்குப் பின் செறிவு குறைவதைப் பார்த்து மாசு குறைந்தது என்று எழுதுவார்கள், ஆற்றில் போகும் மொத்தச் சுமை அப்போது கூடியிருக்கும்.

கீழே எங்கே எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். கழிவு நீர் கரையை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். கீழ் இடத்தில் ஆற்றின் குறுக்கே ஐந்து புள்ளிகளில் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். கரைக்குக் கரை 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் இன்னும் கலக்கவில்லை. மேலும் கீழே போங்கள், அல்லது குறுக்கே பல புள்ளிகளில் எடுத்து ஓட்டத்துக்கு ஏற்ப எடையிட்டுச் சேருங்கள். நேரமும் கணக்கு: நீரின் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், கீழ் இடம் 3.6 கி.மீ. தள்ளி என்றால் மேலே எடுத்த நீர் அங்கே வர 2 மணி நேரம் ஆகும். ஆலை நாள் முழுக்க ஒரே அளவில் வெளியேற்றாது. ஒரே நீர்ப்பகுதியைத் துரத்திப் போய் எடுப்பதுதான் சரி.

பிக்சல்

எல்லாரும் குப்பியிலேயே நிற்கிறீங்க. செயற்கைக்கோள் தரவு இலவசமா கிடைக்குது, நாற்பது வருஷத் தொடர் இருக்கு, ஒரு முதுநிலை மாணவர் குப்பி தூக்கி எட்டவே முடியாத பரப்பு. நாலு மாசத்துக்கு நான் சொல்றது ஜிஐஎஸ்தான்.

ஆனா அங்கேயும் அலகு மாதிரியே ஒரு பள்ளம் இருக்கு. ஐரோப்பாவோட சென்டினல்-2 செயற்கைக்கோள் தரவில் 2022 ஜனவரி 25 முதல் செயலாக்கப் பதிப்பு 04.00 வந்துச்சு. அதிலிருந்து பிக்சல் எண்ணில் 1000 கூடுதலா சேர்ந்து வரும். எதிரொளிப்பு வேணும்னா 1000ஐக் கழிச்சுட்டு 10,000ஆல் வகுக்கணும். அதுக்கு முந்தைய பதிப்புகளில் வெறுமனே வகுத்தால் போதும்.

கழிக்காம விட்டா என்ன ஆகும்னு பாருங்க. ஒரு பச்சைக் காட்டில் அகச்சிவப்புப் பட்டை 3000, சிவப்புப் பட்டை 500. தாவரக் குறியீடு என்டிவிஐ = 2500 ÷ 3500 = 0.71. அதே காடு, அதே பச்சை, புதிய பதிப்பில் 4000, 1500னு வரும். கழிக்காம போட்டா 2500 ÷ 5500 = 0.45. மேலே இருக்கிற வித்தியாசம் மாறாது, கீழே இருக்கிற கூட்டல் வீங்கிடும். 2019 முதல் 2024 வரை வரைபடம் போட்டா 2022 தொடக்கத்தில் காடு செத்துப் போன மாதிரி ஒரு படி இறங்கும். அதை வறட்சின்னு விளக்கம் எழுதி ஆய்வேடு கட்டினா என்ன மிச்சம்? தொடரில் திடீர்னு ஒரு நாளில் படி தெரிஞ்சா முதல்ல தரவின் பதிப்பைப் பாருங்க, அப்புறம் இயற்கையைப் பாருங்க. ஒத்திசைத்த தொகுப்புன்னு தனியா கிடைக்கும், அதை எடுத்தா கழித்தல் ஏற்கெனவே நடந்திருக்கும்; அதில் இன்னொரு முறை கழிச்சுடாதீங்க.

அமெரிக்காவோட லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் கலெக்ஷன் 2 தரைப் பரப்பு எதிரொளிப்புக்குக் கணக்கு வேற: எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்கணும். லேண்ட்சாட்-7இல் 2003 மே 31க்குப் பிறகு வரிக் கோடா தரவு விடுபடும். பரப்பளவு கணக்கிடும்போது ஆயத்தொலை அமைப்பு டிகிரியில் இருந்தா, அதாவது இபிஎஸ்ஜி 4326இல் இருந்தா, 'சதுர டிகிரி' வரும், அது எதுக்கும் ஆகாது. மீட்டரில் அளக்கும் யூடிஎம் மண்டலத்துக்கோ சம பரப்பு வீழலுக்கோ மாத்திட்டுத்தான் அளக்கணும்.

நீரோட்டம்

ஜிஐஎஸ் கற்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. இந்த ஆய்வேட்டுக்கு அது உதவாது என்கிறேன். செயற்கைக்கோளுக்கு நீரில் தெரிவது நிறம் மட்டும்: பச்சையம், கலங்கல், நிறமுள்ள கரிமப் பொருள். நைட்ரேட், ஈயம், பிஓடி இவற்றுக்கு நிறமில்லை. 'சென்டினல் கொண்டு பிஓடி வரைபடம்' என்று வரும் கட்டுரைகளில் இருப்பது கலங்கலோடு அன்றைக்குத் தற்செயலாக ஒத்துப்போன தொடர்பு. அடுத்த பருவத்தில் அது உடையும். ஆற்றின் அகலமும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் பிக்சலில் கரை கலக்காத பிக்சல் ஒன்றாவது கிடைக்க ஆறு 30 மீட்டராவது இருக்க வேண்டும்.

பிக்சல்

பிஓடி விஷயத்தில் ஒத்துக்கிறேன். நீருக்கு வளிமண்டலத் திருத்தமும் தனி வழிமுறை, நிலத்துக்குப் போடுறதை அப்படியே போட்டா கருமையான நீரில் எதிர்மறை எதிரொளிப்பு வரும். ஏரிப் பச்சையம், நிலப் பயன்பாடு, வடிநில எல்லை, இதுக்கெல்லாம் ஜிஐஎஸ் வேணும். அவரோட ஆய்வுக்கே ஆலைக்கு மேலே வடிநிலத்தில் எத்தனை சதவீதம் வயல், எத்தனை சதவீதம் கட்டடம்னு ஒரு அட்டவணை இருந்தா நைட்ரேட் எங்கிருந்து வருதுன்னு பேச முடியும். அதுக்கு க்யூஜிஐஎஸ்ங்கிற இலவச மென்பொருளை ஒரு மாசம் கத்துக்கிட்டா போதும்.

இளவேனில்

பிஓடி, சிஓடி பற்றியும் சொல்லுங்கள். இளநிலையில் ஒருமுறை செய்ததுதான். எங்கே தவறும்?

நீரோட்டம்

பிஓடி செய்வது எளிது, சரியாகச் செய்வது கடினம். 300 மி.லி. குப்பி, 20 டிகிரி, இருட்டு, 5 நாள். ஐந்து நாள் முடிவில் குறைந்தது 2 மி.கி./லி. ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 1 மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் குப்பி செல்லாது. 20 டிகிரியில் நீர் பிடிக்கும் ஆக்சிஜனே சுமார் 9.1தான், ஆக நீர்த்தல்தான் எல்லாம். நடுவில் 4 மி.கி./லி. குறைய வேண்டும் என்று இலக்கு வைத்து, 4 × 300 ÷ எதிர்பார்க்கும் பிஓடி என்று மாதிரியின் அளவைப் போடுங்கள். 200 இருக்கும் கழிவுநீருக்கு 6 மி.லி. பிஓடி 4 இருக்கும் ஆற்று நீருக்கு நீர்த்தலே வேண்டாம். எவ்வளவு இருக்கும் என்று தெரியாதபோது முதலில் சிஓடி பார்த்து ஊகிக்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று நீர்த்தல் வையுங்கள்.

நீர்த்தல் நீரில் பாஸ்பேட் பஃபர், மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு கரைசல்கள் லிட்டருக்கு ஒவ்வொன்றும் 1 மி.லி. மாதிரி எதுவும் சேர்க்காத பிளாங்க் குப்பியில் 5 நாளில் 0.2க்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் வாலை வடிநீர்க் குடுவையோ குழாயோ அழுக்கு. குளுக்கோஸ் 150, குளுட்டமிக் அமிலம் 150 மி.கி./லி. கலந்த சோதனைக் கரைசலை 6 மி.லி. எடுத்து வைத்தால் 198 ± 30.5 வர வேண்டும். தாழ்வாக வந்தால் குப்பியில் நாம் சேர்க்கும் விதை நுண்ணுயிர் சோம்பலாக இருக்கிறது.

இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். நீர்த்தல் கூடக்கூடக் கணக்கிட்ட பிஓடி ஏறிக்கொண்டே போனால் மாதிரியில் நுண்ணுயிரைக் கொல்லும் ஏதோ இருக்கிறது. ஆலைக் கழிவில் உலோகம் இருந்தால் இதுதான் நடக்கும். சராசரி எடுத்து எழுதிவிடாதீர்கள், அந்தப் போக்கே ஒரு கண்டுபிடிப்பு. இன்னொன்று, சுத்திகரித்த கழிவில் நைட்ரஜன் நுண்ணுயிர்கள் அம்மோனியாவையும் எரிக்கும். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 மி.கி. ஆக்சிஜன். அம்மோனியா நைட்ரஜன் 2 இருந்தாலே பிஓடியில் 9 வரை ஏறும். அல்லைல்தயோயூரியா போன்ற தடுப்பான் சேர்த்தீர்களா, இல்லையா என்பதை முடிவோடு கட்டாயம் எழுதுங்கள்.

திங்கள், செவ்வாயில் தொடங்கினால் ஐந்தாம் நாள் சனி, ஞாயிறில் விழும். ஆய்வகம் அன்று திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் களப்பயண நாளை வையுங்கள்.

சிஓடியில் டைக்ரோமேட், கந்தக அமிலம், வெள்ளி சல்பேட், 150 டிகிரியில் 2 மணி நேரம். குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்று சிஓடியைக் கூட்டிக் காட்டும், அதனால் அதைக் கட்டிப்போட மெர்க்குரிக் சல்பேட். சரிபார்க்க பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 425 மி.கி.யை 1 லிட்டரில் கரைத்தால் சிஓடி 500 வர வேண்டும். தரம்பார்க்கையில் ஃபெர்ரோயின் நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்குத் திரும்பும். சில நிமிடத்தில் நீலப்பச்சை மீண்டும் எட்டிப்பார்க்கும், அதற்காக மறுபடி சொட்டுவிடாதீர்கள். முதல் திருப்பம்தான் முடிவு. இந்தக் கழிவில் பாதரசம், வெள்ளி, அறுவேலன்சு குரோமியம், அடர் அமிலம் எல்லாம் உண்டு. தொட்டியில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. தனிக் கண்ணாடிப் புட்டி, பெயர்ச் சீட்டு, தேதி. சுற்றுச்சூழல் படிப்பவரின் ஆய்வகத்திலிருந்தே பாதரசம் சாக்கடைக்குப் போவதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

மண்புழு

நீரிலேயே இழை ஓடுகிறது, மண்ணுக்கு ஒரு வரி. கரிம இருப்புக் கணக்கு எளிதாகத் தெரியும்: கரிமம் 1.5 சதவீதம், பருமன் அடர்த்தி 1.3 கிராம்/கன செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்றால் எக்டேருக்கு 58.5 டன். அதே மண்ணை உழுது அடர்த்தி 1.1 ஆனால் கணக்கு 49.5 டன் காட்டும். ஒரு கிராம் கரிமமும் வெளியேறவில்லை, அதே 30 செ.மீ.க்குள் குறைந்த மண் இருக்கிறது, அவ்வளவே. உழுத நிலத்தையும் உழாத நிலத்தையும் ஒப்பிடுபவர்கள் சம மண்நிறை முறையில்தான், அதாவது ஒரே ஆழத்துக்குப் பதில் ஒரே எடை மண்ணுக்குத்தான், கணக்கிட வேண்டும். அடர்த்தியை நூலிலிருந்து எடுக்காமல் உருளை வைத்து நீங்களே அளக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் உலர் எரிப்புக் கருவி கார்பனேட்டையும் சேர்த்து எண்ணும். முதலில் அமிலத்தால் அதை நீக்குங்கள்.

இளவேனில்

கன உலோகத்துக்குக் குப்பிகளை எப்படித் தயார் செய்வது? ஆய்வகம் 'கண்டறிய இயலவில்லை' என்று தந்தால் அட்டவணையில் 0 போடலாமா?

சராசரி

0 போடாதீர்கள். வெற்றுக் கட்டமாகவும் விடாதீர்கள். இரண்டு நெடுவரிசை வையுங்கள்: ஒன்றில் எண், ஒன்றில் 'வரம்புக்குக் கீழ், ஆம்/இல்லை'. வரம்பு என்பது ஆய்வகம் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த செறிவு; அது 1.3 என்றால் எண் 1.3, அடையாளம் ஆம்.

வரம்பு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். குறைந்த செறிவில் குறைந்தது ஏழு முறை அளந்து, திட்டவிலக்கத்தை 3.143ஆல் பெருக்குவது பரவலான வழி. ஏழு அளவீட்டுக்கு 99 சதவீத ஸ்டூடண்ட் டி மதிப்பு அது. திட்டவிலக்கம் 0.4 மைக்ரோகிராம்/லி. என்றால் வரம்பு 1.26. ஏழையும் ஒரே காலையில் ஓட்டினால் வரம்பு பொய்யாகத் தாழ்வாக வரும், வெவ்வேறு நாளில் பிரித்து ஓட்ட வேண்டும்.

பாதி வரம்பைப் போட்டு நிரப்புவது பழைய பழக்கம். அது இல்லாத ஒரு குவியலை உண்டாக்கித் திட்டவிலக்கத்தைக் கெடுக்கும்; வரம்பு பருவத்துக்குப் பருவம் மாறினால் மாசு மாறியதுபோல் தெரியும். பாதிக்கும் குறைவான எண்கள் வரம்புக்குக் கீழ் இருந்தால் காப்லான்-மையர் முறை அல்லது வரிசைப் புள்ளிப் பின்னடைவு, இரண்டுக்கும் 'ஆர்' தொகுப்புகள் உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் வரம்புக்குக் கீழ் இருந்தால் சராசரியே எழுதாதீர்கள், எத்தனை சதவீத மாதிரிகள் வரம்பைத் தாண்டின என்று மட்டும் எழுதுங்கள்.

நீரோட்டம்

குப்பிக்கு: பாலிஎத்திலீன், 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுவது. கரைந்த உலோகம் வேண்டுமென்றால் களத்திலேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, பிறகு நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழ் இறக்குங்கள். வரிசை மாறினால், அமிலம் துகளில் ஒட்டியிருந்த உலோகத்தைக் கரைத்துவிடும். கரைந்தது எவ்வளவு, துகளில் எவ்வளவு என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இப்படி வைத்த மாதிரி ஆறு மாதம் தாங்கும், பாதரசம் மட்டும் 28 நாள். நைட்ரேட்டுக்கு எடுத்த குப்பியில் நைட்ரிக் அமிலம் விட்டுவிடாதீர்கள். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் இருட்டும் நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரே மாதிரிக் குப்பிகள் நாற்பது இருக்கும்போது நடக்கும். மூடியின் நிறத்தை மாற்றி வையுங்கள். பாஸ்பேட்டுக்கான கண்ணாடியைப் பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவக் கூடாது.

ஒவ்வொரு பயணத்துக்கும் களப் பிளாங்க் ஒன்று: அயனி நீக்கிய நீரைக் களத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே திறந்து, வடித்து, அமிலமிட்டுக் கொண்டு வருவது. அதில் துத்தநாகம் வந்தால் கையுறையையோ வடிகலனையோ பாருங்கள்.

தூசிமானி

காற்றுப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) எடைமுறையில் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் ஓட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 24 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் என்றால் வடிதாளில் சேர்வது 240 மைக்ரோகிராம். கைரேகை, ஈரப்பதம், நிலைமின்சாரம் எதுவும் அந்த எண்ணைத் தின்றுவிடும். எடை போடும் முன்னும் பின்னும் 24 மணி நேரம் ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரப்பதத்திலும் வைக்க வேண்டும். மலிவு ஒளிச்சிதறல் உணரிகள் ஈரமான காற்றில் கூட்டிக் காட்டும், நீர் உறிஞ்சிய துகள் பெரிதாகத் தெரிவதால். தரக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

அத்தியாயம்3

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வுத் தலைப்பைவிட இவற்றைக் கேளுங்கள்: உலோகப் பகுப்பாய்வுக் கருவி யாருடையது, முன்பதிவு எத்தனை வாரம், ஒரு மாதிரிக்குக் கட்டணம் யார் தருவது, கருவி பழுதானால் மாற்று எது, தரவு யாருக்குச் சொந்தம், எழுதிய அத்தியாயத்தை எத்தனை நாளில் திருத்தித் தருவார். அவரிடம் முடித்தவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள்.

கூடவே மாதிரிக் கணக்கு. 12 இடம், 4 பருவகாலம், இடத்துக்கு 3 குப்பி என்றால் 144. பத்து சதவீத இரட்டை மாதிரி, களப் பிளாங்க், சோதனைத் திட்டக் கரைசல் சேர்த்தால் 170ஐத் தொடும். பிஓடி மட்டும் மாதிரிக்கு மூன்று நீர்த்தல் என்றால் 432 குப்பி, பிளாங்க் தனி. இன்குபேட்டரில் ஒரு நேரத்தில் எத்தனை நிற்கும் என்று எண்ணிவிட்டுத் திட்டம் எழுதுங்கள். நான்கு பருவகாலம் என்று எழுதுகிறீர்கள் என்றால் அது ஒரே ஆண்டின் நான்கு பருவகாலம். 'பருவ வேறுபாடு' என்று பொதுவாக்கி முடிவுரையில் எழுத முடியாது, அந்த ஆண்டின் மழை அப்படி என்றுதான் எழுத முடியும்.

மூலத் தரவுக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். திருத்தம் எல்லாம் நிரலில் நடக்கட்டும், விரிதாளில் கையால் எதையும் மாற்றாதீர்கள்.

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றினேன். ஒரே வகை ஆலைகள் ஆறு, ஒவ்வொன்றும் தனி ஓடையில். ஒவ்வொன்றுக்கும் மேல்-கீழ் ஓர் இணை, நான்கு முறை பயணம், கலப்பைக் குறுக்கு மின்கடத்துதிறனால் உறுதி செய்துவிட்டுத்தான் கீழ் இடம். ஓட்டமும் அளப்பேன். பிஓடி, சிஓடி, அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், எட்டு உலோகங்கள். இப்போது 24 இணைகள் ஆகிறதல்லவா?

சராசரி

24 இல்லை, 6தான். நான்கு பயணங்களும் ஒரே ஆலையைத் திரும்ப அளப்பவை. ஆலைக்கு ஆலை நான்கின் சராசரி வித்தியாசத்தை எடுத்து ஆறு எண்ணாக்குங்கள், அல்லது ஆலையைத் தற்செயல் விளைவாக வைத்துக் கலப்பு விளைவு மாதிரியுரு போடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வரும்.

ஆறுக்கு 95 சதவீத நம்பக இடைவெளியின் அரை அகலம் 2.571 ÷ √6, அதாவது வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தில் 1.05 மடங்கு. எட்டு ஆலை என்றால் 0.84 மடங்கு, பன்னிரண்டு என்றால் 0.64. தரவரிசைச் சோதனைக்குப் போனாலும் ஆறில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி வரும் வாய்ப்பு) 0.031, ஒரே ஓர் ஓடை எதிர்த்திசையில் போனாலே 0.05ஐத் தாண்டிவிடும். அதனால் பயணத்தை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்து ஆலைகளைப் பன்னிரண்டாக்குங்கள். மொத்தக் குப்பி எண்ணிக்கை அதே 48தான்.

நீரோட்டம்

அதோடு எட்டு உலோகம் வேண்டாம். அந்த ஆலை எந்த உலோகத்தைப் பயன்படுத்துகிறதோ அதில் இரண்டு மூன்று போதும். ஆறு ஆலைக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் நிறைச் சமன்பாட்டை முதன்மை அத்தியாயமாக வையுங்கள், இணை ஒப்பீடு துணையாக இருக்கட்டும். ஓட்டம் அளக்க மிதவை போதாது, நீரின் வேகத்தை அளக்கும் சுழலிமானி கடன் கிடைக்குமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.